கிரவுன் பினியன் மேல் விழும் பழி

மலைச் சாலை ஜீப்புகளுக்கு ஒர்க்ஷாப்பில் வழக்கமாக இரண்டு தீர்ப்புகள்தான் கிடைக்கும். கிளட்சை விடும்போது அடியில் ‘டங்’ என்கிறதே என்று கேட்டால், “ஃபோர் வீல் வண்டின்னா அப்படித்தான் சார்” என்பார்கள். சில மாதம் கழித்து சத்தம் கூடிய நிலையில் மறுபடி கொண்டுபோய் நிறுத்தினால், “கிரவுன் பினியன் போயிருச்சு, செட்டா மாத்திடலாம்” என்பார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிய வண்டி எப்படி ஒரேயடியாகப் பெரிய செலவுக்கு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு தீர்ப்புமே பெரும்பாலும் அளந்து பார்க்காமல் சொல்லப்படுபவை.

முதல் தீர்ப்பில் கொஞ்சம் உண்மை உண்டு. பல்லோடு பல் இடைவெளியே இல்லாமல் கோத்தால் எண்ணெய் உள்ளே புகாது. சூட்டில் விரிந்து இறுகிவிடும். அதனால் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃப்ரன்ஷியல் எல்லாவற்றிலும் சிறிது ‘பிளே’ விட்டுத்தான் கட்டுகிறார்கள். அவை சேர்ந்து மெல்லிய ‘டக்’ ஒன்று கேட்டால் குற்றமில்லை. ஆனால் நம் பழைய ஜீப்புகள் பார்ட்-டைம் ரகம். லிவர் டூ வீலில் இருக்கும்போது முன் ஆக்சிலுக்கு இன்ஜினின் விசை போவதே கிடையாது. பின்சக்கர ஓட்டமுள்ள சாதாரண வேனைவிட அப்போது கூடுதலாக வேலை செய்வது டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றுதான். டூ வீலிலேயே காலடியில் இடிக்கிற வண்டிக்கு ஃபோர் வீலைக் காரணம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

“இல்லை, ஃபோர் வீல் போட்டால்தான் இடிக்கிறது” என்பவர்கள் முதலில் எந்தச் சாலையில் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காய்ந்த தாரில், பிடிப்புக்காக என்று ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு ஏறினால், பழுதே இல்லாத வண்டியும் இடிக்கும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடியாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருக்கிறது. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறி, ஏதாவது ஒரு டயர் தாரில் வழுக்கும்போது ‘படார்’ என்று இறங்கும். லிவரும் திரும்ப வராமல் பிடித்துக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இளகி லிவர் விழும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டிருந்தால் நேர்ச் சாலையிலேயே இந்தக் கூத்து நடக்கும். இதற்கு ஸ்பேனரே வேண்டாம். ஈரம், சேறு, சரளை தவிர வேறெங்கும் ஃபோர் வீல் போடாதிருந்தால் போதும்.

இனி கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்ட்டின் சுற்றை ஆக்சில் பக்கம் திருப்பும் பல் ஜோடி. ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இந்தப் பழியில் பாதி உதிர்ந்துவிடும். இங்கே மஹிந்திரா தயாரித்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. பின் ஆக்சிலின் கிரவுன் சக்கரம் ஏறக்குறைய 216 மி.மீ. விட்டம். பல்லிடைவெளி 0.15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் திருகும்போது அது அரை டிகிரிகூட ஆடாது. இடைவெளி இருமடங்காகி 0.3 மி.மீ. ஆனாலும் ஒரு டிகிரிக்குள்தான். ஆனால் சத்தம் போடும் ஜீப்பின் ஷாஃப்ட்டைத் திருகிப் பாருங்கள். பத்து டிகிரி, சில வண்டிகளில் அதற்கு மேலும் சும்மா சுற்றும். பத்து டிகிரி ஆட்டம் கிரவுன் பல்லிலிருந்து மட்டும் வர வேண்டுமானால் இடைவெளி மூன்றரை மி.மீ. இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டி ஒர்க்ஷாப்புக்கு ஓடி வந்திருக்காது.

அப்படியானால் அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது? கிரவுனுக்கு அப்பால், சக்கரத்தின் பக்கமிருந்து. டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களின் வாஷர், அவை சுற்றும் பின், ஆக்சில் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் இவையெல்லாம் தேயும்போது, அங்கே ஒரு டிகிரி தளர்ந்தால் முன்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் 5.38 டிகிரியாகப் பெருகித் தெரியும். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இன்னொரு இடமும் உண்டு. பின் ஆக்சில் முனை கூம்பு வடிவில் இருக்கும்; ஹப் அதில் ஒரு சாவிக் கட்டையோடு உட்காரும். முனை நட்டு தளர்ந்தால் சாவியும் காடியும் அடிவாங்கி, ஒவ்வொரு கிளட்சுக்கும் ‘டங்’ கேட்கும். கிரவுன் பினியன் செட்டின் விலையில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாத பொருள் அது.

இதைப் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்து, கியரையும் டிரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் விட்டு, பின் ஷாஃப்ட் குழாயில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேராக அசையாத ஏதாவது ஒன்றில் இன்னொரு கோடு. ஷாஃப்ட்டை இருபுறமும் தட்டும் வரை திருகுங்கள். 75 மி.மீ. குழாயில் கோடு ஆறரை மி.மீ. நகர்ந்தால் அது பத்து டிகிரி. அப்போது கண் குழாயில் இருக்கக் கூடாது, ஷாஃப்ட் முனையில் இரு நுகங்களை இணைக்கும் கிராஸில் இருக்க வேண்டும். ஒரு பக்க நுகம் அசைந்து மறுபக்க நுகம் அசையாவிட்டால் கிராஸ் போய்விட்டது. கிராஸின் கிண்ணத்தைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தால் உறுதி. இரண்டு நுகமும் சேர்ந்தே திரும்பினால் கோளாறு ஹவுசிங்குக்குள்ளோ அதற்கப்பாலோ. பின் மூடியைக் கழற்றி, பினியன் திரும்பும்போது கிரவுன் சக்கரமும் கூடவே போகிறதா என்று பாருங்கள். கூடவே போனால் கிரவுன் பல்லில் குற்றமில்லை.

“கிராஸ் போன மாசம்தான் மாத்தினோம், அது இல்லை” என்ற பதிலும் செல்லாது. எப்படி மாற்றினார்கள் என்பதுதான் விஷயம். ஷாஃப்ட்டின் இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டவே இந்த ஏற்பாடு. ஸ்லிப் ஸ்ப்ளைனைக் கழற்றி ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டால் ஈடுகட்டல் கெட்டு ஷாஃப்ட் அதிரும், புதுக் கிராஸ் சீக்கிரமே சாகும். கழற்றும் முன் அடையாளக் கோடு போட எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்? அதே ஸ்ப்ளைன் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால், பிரேக் போட்டு நிற்கும்போதோ நின்று கிளம்பும்போதோ பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல ஒரு ‘தொம்’ வரும். கிரீஸ் கன்னோடு தீர்கிற வேலை. தீராவிட்டால் ஸ்ப்ளைன் தேய்ந்திருக்கிறது.

140 ஆயில் ஊற்றினால் அடங்கும் என்பது இன்னொரு கைவைத்தியம். கெட்டி எண்ணெய் ஊளைச் சத்தத்தைக் கொஞ்சம் மூடும். தேய்ந்த ஸ்ப்ளைனுக்கு அது என்ன செய்யும்? அதைவிட, பழைய எண்ணெயை வடிக்கும்போது அதில் இரும்புச் சில்லு இருக்கிறதா என்று பாருங்கள், ஏதாவது தெரியவரும்.

பல வண்டிகளில் சத்தம் விசை போகும் பாதையிலேயே இருப்பதில்லை. சேஸிஸ் சத்தத்தை எங்கிருந்தும் கடத்தி உங்கள் இருக்கைக்கடியில் கொண்டுவந்து போடும். ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால், கிளம்பும்போது ஆக்சிலே முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கும். சென்டர் போல்ட் அறுந்திருந்தாலும் அதேதான். ஷேக்கிள் புஷ் தேய்ந்தால் பள்ளத்திலும் இடிக்கும், பிரேக்கிலும் இடிக்கும். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் கிளட்சை விடும்போது இன்ஜினே எம்பி விழும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். வண்டிக்கடியிலோ முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம். பட்டை வேலை பார்த்த வண்டிக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி முடுக்குவது கட்டாயம். அதைச் செய்யாமல் விட்டதால் வந்த சத்தத்துக்குத்தான் ஆக்சிலைப் பிரிக்கிறார்கள்.

கிரவுன் பினியன் கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. கெட்டால் அது வேறு மொழியில் சொல்லும். குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும். ஆக்சிலேட்டரை விட்டால் ஊளையின் தொனி மாறும். பல் உடைந்திருந்தால் சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து கூடும் தொடர் தட்டல் வரும். கிளம்பும்போது ஒருமுறை, ஆக்சிலேட்டரை விடும்போது ஒருமுறை என்று வரும் ஒற்றை ‘டங்’ அதன் அடையாளமல்ல. தவறாக மாற்றினால் நஷ்டம் இரட்டிப்பு. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வருபவை. ஷிம் வைத்து, பல்லில் சாயம் தடவி, எங்கே பதிகிறது என்று பார்த்துப் பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் பூட்டினால் பழைய ‘டங்’ அப்படியே இருக்க, புதிதாக ஊளையும் சேரும்.

ஆகவே, கிரவுன் பினியன் மாற்றச் சொன்னால் ஹவுசிங் மூடியைத் திறந்து, டயல் கேஜ் வைத்து, பல்லிடைவெளி எத்தனை மி.மீ. என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.