எந்தக் கம்பஸ் திறம்? – மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளும் எங்கள் பெயர் மோகமும்

போன சனிக்கிழமை நோர்பரி லண்டன் ரோட்டில் உள்ள ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா வந்து மறித்துக்கொண்டார். மகளுக்கு மருத்துவம் படிக்க இரண்டு இடங்களில் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று லண்டன் கிங்ஸ் கல்லூரி, மற்றது மன்செஸ்டர். இரண்டுமே ஏ லெவல் பெறுபேற்றைப் பொறுத்தது. ஆனாலும் பிள்ளை கெட்டிக்காரி, எடுத்துவிடுவாள்.

"தம்பி, இதில எது திறம்? நீங்கள் உதுகளைப் பற்றி எழுதுறனீங்கள் தானே, சொல்லுங்கோ."

"பிள்ளை என்ன சொல்லுறா?"

"அவ மன்செஸ்டர் எண்டு நிக்கிறா. இவர் கிங்ஸ் எண்டு நிக்கிறார். நாளைக்கு ஒரு கலியாண வீட்டில ஆரும் கேட்டால் கிங்ஸ் எண்டு சொல்லலாம் தானே எண்டு அவருக்கு."

அக்காவின் கேள்வி எனக்குப் புதிதல்ல. தென் லண்டனில் ரூட்டிங், மிச்சம், குரொய்டன் எங்கும், பிள்ளை ஏ லெவல் படிக்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒலிக்கிற கேள்விதான். ஆனால் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கள் ஆட்களைக் குறைசொல்லவும் முடியாது. ஊரில் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பேராதனை மருத்துவ பீடம் 1962இல் வந்தது, யாழ்ப்பாணம் 1978இல்தான். இடங்கள் எண்ணி எடுக்கக் கூடிய அளவுக்குத்தான் இருந்தன. 1970ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பிறகு மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளியும் சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 புள்ளியும் தேவை என்றானது. தரப்படுத்தல் என்ற சொல் எங்கள் அரசியலையே திருப்பிப் போட்டது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களுக்கு, எந்தக் கம்பஸ் கிடைத்தது என்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கையின் மீது எழுதிய தீர்ப்பு மாதிரி. விமானம் ஏறும்போது மற்ற சாமான்களோடு அந்த நினைப்பையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இங்கே நிலைமை வேறு. பக்கிங்ஹாம் போன்ற ஓரிரு தனியார் இடங்களை விட்டால், பிரித்தானியாவின் மருத்துவ பீடங்கள் பெரும்பாலும் பொதுப் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒரே பொது மருத்துவப் பேரவை. 2024–25 கல்வியாண்டிலிருந்து பட்டம் பெற்று வெளியேறும் எல்லா மாணவரும் அந்தப் பேரவையின் பொதுவான உரிமத் தேர்வில் சித்தியடைய வேண்டும். கிங்ஸ் பிள்ளைக்கும் அதே தேர்வுதான், மன்செஸ்டர் பிள்ளைக்கும் அதே தேர்வுதான்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று 2024இல் நடந்தது. எங்கள் சனத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது. பட்டம் பெற்றவுடன் செய்யும் இரண்டு வருட ஆரம்பப் பயிற்சிக்கு முன்பு வகுப்பில் எத்தனையாவது ஆள், தீர்மானத் தேர்வில் எத்தனை புள்ளி என்று பார்த்து இடம் கொடுத்தார்கள். இப்போது அது இல்லை. கணினி ஆளுக்கொரு வரிசை எண்ணைக் குலுக்கிக் கொடுக்கிறது. அந்த வரிசைப்படி, விருப்பத்தைப் பார்த்து, பிரதேசம் ஒதுக்கப்படுகிறது. பலருக்கு முதல் விருப்பமே கிடைத்துவிடுகிறது, ஆனால் லண்டனுக்கு எப்போதும் நெரிசல். "மகள் லண்டனில படிச்சால் லண்டனிலேயே வேலை எடுத்து எங்களோட இருப்பாள்" என்று கணக்குப் போடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். நோர்பரியில் இருந்துகொண்டே ஐந்து வருடம் படித்த பிள்ளையைக் கணினி இன்னொரு மூலைக்கு அனுப்பக் கூடும்.

பெயருக்கு எதுவித பெறுமதியும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சியில் இறங்க நினைக்கிற பிள்ளைக்குப் பெரிய ஆய்வுகூடங்கள் உள்ள இடம் உதவும். இம்பீரியலும் யூசிஎல்லும் ஆறு வருடப் படிப்பு, நடுவில் இன்னொரு விஞ்ஞானப் பட்டத்தையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் எங்கள் வீட்டுச் சண்டைகளில் ஆராய்ச்சி பற்றி ஆரும் கதைத்து நான் கேட்டதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பிழை விட்ட தகுதிதான். ஆறு வருடத்துக்கு முன் என் மகன் விண்ணப்பித்தபோது பத்திரிகையில் வந்த தரவரிசைப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு இருந்தது நான். யூகாஸ் விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு நாலு தெரிவுகள்தான் போடலாம். ஒக்டோபர் 15 கடைசி நாள். மகனுக்கு ஜிசிஎஸ்ஈ நல்ல பெறுபேறு, யூகற் நுழைவுத் தேர்வில் புள்ளி சுமார். அவன் வேறு இடங்களைச் சொன்னான். நான் விடவில்லை. நாலும் பட்டியலின் மேல் பக்கத்துப் பெயர்கள். நாலிலும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தான். அந்த வருடத்தில் அவன் என்னோடு கதைத்தது குறைவு.

அடுத்த முறை அவனே இருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தெரிவு முறையையும் வாசித்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. பிரிஸ்ரலும் நியூகாசிலும் நேர்முகத்துக்கு ஆளைத் தெரிய அண்மைய வருடங்களில் யூகற் புள்ளியைத்தான் பெரிதாகப் பார்த்தன. கார்டிஃப், பேர்மிங்ஹாம் போன்றவை ஜிசிஎஸ்ஈக்குப் புள்ளி போட்டுக் கணக்கெடுத்தன. கிங்ஸ் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும், இத்தனை எடுத்தால் போதும் என்று வெட்டுப்புள்ளி சொல்லாது. வலுவான ஜிசிஎஸ்ஈயும் சாதாரண யூகற்றும் உள்ள பிள்ளையை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்று யோசிக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் முறை அவனுக்கு இரண்டு இடம் கிடைத்தது. இப்போது வடக்கில் படிக்கிறான்.

கடையில் இந்தக் கதையைப் பக்கத்தில் நின்று கேட்ட ஒரு அண்ணை சொன்னார்: "உதெல்லாம் சும்மா. எங்கட நீட்டுப் பெயரைப் பாத்தவுடனேயே வெட்டிப் போடுவாங்கள்." அவர் சொன்னதற்குச் சரித்திரம் உண்டு. அதுவும் எங்களுக்குப் பக்கத்திலேயே, ரூட்டிங்கில். சென் ஜோர்ஜஸ் மருத்துவப் பள்ளியில் 1980களில் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டியது ஒரு கணினி நிரல். முன்பு மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்து எழுதப்பட்ட நிரல் அது. பெண் என்றாலோ, பெயரும் பிறந்த இடமும் ஐரோப்பியருடையது அல்ல என்றாலோ அது புள்ளியைக் குறைத்தது. அங்கேயே வேலை செய்த இரண்டு மருத்துவர்கள் அதை இனச் சமத்துவ ஆணைக்குழுவுக்குத் தெரியப்படுத்தினார்கள். 1988இல் விசாரணை அறிக்கை வந்தது. வருடத்துக்கு 60 பேர் வரை இப்படி நேர்முகத்தை இழந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் லண்டனின் மற்றப் பல மருத்துவப் பள்ளிகளைவிட அங்கேதான் வெள்ளையர் அல்லாத மாணவர் கூட இருந்தார்கள். மற்ற இடங்களில் இதே வேலையை மனிதர்கள் எழுத்தில் வைக்காமல் செய்திருப்பார்கள். நிரல் என்றபடியால் பிடிபட்டது.

அன்று அந்தக் கணக்கு உள்ளே பூட்டி இருந்தது. இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் தெரிவு முறையை வெளியில் போடுகின்றன. பாகுபாடு அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வெளியில் போட்ட கணக்கையே வாசிக்காமல் பெயரைக் காரணம் சொல்லிக்கொண்டு இருப்பது எங்கள் சோம்பல்.

இன்னொன்று. பதினொரு வயதில் பிள்ளையைக் கிராமர் பள்ளிக்கு அனுப்ப ரியூசனுக்கு எவ்வளவு காசு கொட்டுகிறோம்! கிங்ஸ் கல்லூரி 2001இலிருந்து ஆறு வருட விரிவாக்கப்பட்ட மருத்துவப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்காத அரச பள்ளிகளில் படித்த, வசதி குறைந்த பிள்ளைகளுக்கானது அது. குறைந்த ஏ லெவல் தரத்தோடும் உள்ளே போகலாம். அந்தக் கதவு கிராமர் பள்ளிப் பிள்ளைக்குத் திறக்காது. குரொய்டனின் சாதாரண பள்ளியில் படிக்கும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியும்?

சரி, அக்காவின் விடயத்துக்கு வருவோம். இரண்டு இடத்தில் அனுமதி இருக்கிற பிள்ளை எதைப் பார்க்க வேண்டும்? கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான், 2025–26இல் 9,535 பவுண். ஐந்தாம் வருடத்திலிருந்து என்.எச்.எஸ் கட்டணத்தைப் பொறுப்பெடுக்கும். வாழ்க்கைச் செலவுக் கடனில்தான் வித்தியாசம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளை வீட்டில் இருந்து படித்தால் அதே ஆண்டில் கூடியது 8,877 பவுண், லண்டனுக்கு வெளியே தங்கினால் 10,544. வித்தியாசம் 1,667 பவுண். அது விடுதி வாடகையின் ஒரு பகுதிக்குத்தான் காணும். ஆகவே காசை மட்டும் பார்த்தால் நோர்பரி வீடே மலிவு. 109 பஸ்ஸில் பிறிக்ஸ்ரன் போய் இன்னொரு பஸ் பிடித்தால் டென்மார்க் ஹில்லில் கிங்ஸ் மருத்துவமனை. ஆனால் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கினால் எல்லாம் டென்மார்க் ஹில்லில் நடக்காது. கிங்ஸ் பிள்ளைகளைத் தென்கிழக்கு இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்கும் அனுப்புவார்கள். மன்செஸ்டர் பிள்ளை பிரெஸ்ரனுக்குப் போக வேண்டி வரலாம். இரண்டுமே பெரிய பீடங்கள். கிங்ஸில் மட்டும் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 400 பேர். அந்தக் கூட்டத்துக்குள் தன்னை ஆர் கவனிப்பார்கள், எப்படிப் படிப்பிப்பார்கள் என்று இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். கலியாண வீட்டு மாமாக்களிடம் அல்ல.

உண்மையான போட்டி பிறகுதான் இருக்கிறது. 2025இல் சிறப்புப் பயிற்சிக்கான ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் விண்ணப்பித்தார்கள். அதனால்தான் பிரித்தானிய, அயர்லாந்துப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் சட்டமூலம் 2026 ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இங்கே இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளையை பல்கேரியாவுக்கு அனுப்ப யோசிக்கிற வீடுகள் முதலில் அதை வாசிக்க வேண்டும். கிங்ஸா மன்செஸ்டரா என்பதைவிட, உள்நாட்டில் ஏதோ ஒரு பீடமா வெளிநாடா என்பதே இனிப் பெரிய பிரிகோடு.

இவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னேன். அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "கலியாண வீடு எண்டது சும்மா கதை தம்பி. அப்பம்மாவுக்குக் கிழமையில மூண்டு நாள் டயாலிசிஸ். இங்கிலீசு தெரியாது. இவ தான் கூடப் போய்க் கதைக்கிறவ. இவ போனால் ஆர் போறது?"

அதைப் பிள்ளையிடம் அப்படியே சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். கிங்ஸ்தான் திறம் என்றுதான் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்களாம். பிள்ளையோ கிங்ஸ் திறமில்லை என்று நிரூபிக்கத் தரவரிசைப் பட்டியல்களைக் காட்டிக்கொண்டு இருக்கிறாளாம்.

என்.எச்.எஸ் மருத்துவமனைகளில் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வார்கள், காசு கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். திங்கட்கிழமை அந்தப் பிரிவுக்குப் போன் பண்ணுகிறேன் என்றார். யூகாஸுக்குப் பதில் போட ஜூன் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது.