ஐந்து நாள், எத்தனை சட்டை?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சட்டையை மாலையில் கழற்றிப் பார்த்தால் அன்று பள்ளியில் நடந்ததெல்லாம் அதிலேயே இருக்கும். மார்பில் சாம்பார், சட்டைக்கையில் மூக்கைத் துடைத்த தடம், சட்டைப்பையின் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவின் பச்சை, காலரின் உட்புறம் வியர்வையும் புழுதியும் சேர்ந்த கறுப்புக் கோடு. டவுசரின் பின்பக்கம் வகுப்பறைத் தரை முழுசாக ஒட்டியிருக்கும். இதை இன்றைக்கே துவைத்துப் போடுவதா, நாளைக்கும் போட்டு அனுப்பலாமா? ஜூன் தொடங்கி ஏப்ரல் வரை தமிழ்நாட்டு வீடுகளில் மாலைதோறும் எழும் கேள்வி இது.

பலர் இதற்கு மூக்கை நம்புகிறார்கள். சட்டையை முகர்ந்து பார்த்து, வாடை இல்லையென்றால் ஆணியில் மாட்டிவிடுவார்கள். பெரியவர்களின் துணிக்கு இது ஓரளவு ஒத்துவரும். சின்னப் பிள்ளைகளின் துணிக்கு ஒத்துவராது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை சுரக்கும் திரவத்தைத் தோலில் வாழும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் அந்தக் கனத்த வாடை பிறக்கிறது. ஆறு வயதில் அந்தச் சுரப்பிகள் இன்னும் விழிக்கவே இல்லை. பிள்ளை எவ்வளவு ஓடியாடினாலும் சட்டை நாறாது. ஆனால் உப்பும் புழுதியும் சோற்றுப் பிசுக்கும் அதில் அப்படியே இருக்கும். மறுநாள் வெயிலில் அதே காலர் கழுத்தில் உரசும்போது தோல் சிவக்கிறது, வேர்க்குரு கிளம்புகிறது.

வெயில் சாதாரண வெயிலும் அல்ல. 2023இல் கோடை விடுமுறை முடிந்தும் அனல் குறையாததால் பள்ளி திறப்பை அரசு ஜூன் 7இலிருந்து தள்ளிவைத்தது. பெரிய வகுப்புகள் 12ஆம் தேதியும் தொடக்க வகுப்புகள் 14ஆம் தேதியும்தான் திறந்தன. அந்த வெயிலில் காலரை இறுக்கி டை கட்டி, இடுப்பில் பெல்ட் மாட்டி, சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு பிள்ளை எட்டு மணி நேரம் இருக்கிறது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் வேறு, வியர்வை உலர்வதேயில்லை.

ஆகவே ஜட்டி, பனியன், சாக்ஸ் மூன்றையும் தினமும் துவைத்தே ஆக வேண்டும். இதில் பேரம் இல்லை. சட்டையும் சமவெளியில் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். டவுசர், ஸ்கர்ட், பினோஃபோர் ஆகியவற்றில் சேறோ சாம்பாரோ படவில்லையென்றால், உதறிக் காற்றாட மாட்டிவைத்து இரண்டாம் நாளும் போடலாம். டை, பெல்ட்டுக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சட்டைகூட இரண்டு நாள் வரும், ஸ்வெட்டர் ஒரு வாரம் வரும். அங்கே துவைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரும்பாடு.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அந்தச் சட்டைக்குக் கணக்கு வேறு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்த 26 பேரின் டி-ஷர்ட்டுகளைச் சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் துணியே அதிகம் நாறியது. வாடை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா அதில் செழித்து வளர்ந்திருந்தது. கடைகளில் கிடைக்கும் சீருடைத் துணிகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. சுருங்காது, சாயம் போகாது, அயர்ன் செய்வது எளிது என்று சொல்லி விற்கிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் பருவ வயதைத் தொட்ட பிள்ளையின் பாலியஸ்டர் சட்டையை இரண்டாம் நாள் போட்டு அனுப்பினால், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் சும்மா இருக்க மாட்டார். அந்த வயதில் அது எவ்வளவு வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கறைதான் பெரிய வேலை. அதிலும் மஞ்சள் கறை. தமிழ்நாட்டுச் சின்னப் பிள்ளையின் சட்டையில் மஞ்சள் படாத நாளே கிடையாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் கூடவே காய்கறி சாம்பார் உண்டு. மதியம் சத்துணவு. பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காலையிலேயே சூடாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய காரியம்! அதற்கு முன்னால் ஒரு சாம்பார் கறை பொருட்டே அல்ல. என்றாலும் சட்டையைத் துவைத்தாக வேண்டும்.

சாம்பார் கறையில் சோப்பைத் தேய்த்ததும் அது ரத்தம்போலச் சிவந்துவிடும். முதன்முறை பார்க்கிற இளம் அம்மா பதறிப்போவார். துணி கெட்டுவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பதற ஒன்றுமில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் ஆரத்தி கரைப்பதும் இதே குணத்தால்தான். சோப்பின் காரம் போக நன்றாக அலசியதும் சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளையும் எடுப்பது சூரியன். குர்குமின் வெளிச்சம் தாங்காது. கறை இருக்கிற பக்கத்தை வெயில் பார்க்கத் திருப்பி ஈரத்தோடு கொடியில் போட்டால், மாலைக்குள் பெரும்பகுதி வெளிறிவிடும். மிச்சம் அடுத்த வெயிலில் போகும். பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தேய்வது துணிதான்.

பால், முட்டை, ரத்தம் மூன்றுக்கும் பச்சைத்தண்ணீர்தான் முதல் மருந்து. புரதம் சூடு பட்டதும் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் அழுக்கு நன்றாகப் போகும் என்று நினைத்து, முட்டுக்காலில் அடிபட்டு ரத்தம் காய்ந்த சாக்ஸை வெந்நீரில் போட்டால் அந்தத் தடம் அதோடேயே தங்கிவிடும். பால்பாயிண்ட் பேனா மைக்குப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஒற்ற வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய சானிடைசர் பாட்டில் மூலையில் கிடந்தால் அதுவும் உதவும். வாழைக்கறை மட்டும் எதற்கும் அசையாது. கறை போகும் முன் அயர்ன் போடக் கூடாது. போட்டால் கறையைத் துணிக்குள் சுட்டுப் பதித்ததாகிவிடும்.

இவ்வளவு தெரிந்தும், பலருக்கு உண்மையில் முடிவு செய்து கொடுப்பது அலமாரியில் தொங்கும் உடைகளின் எண்ணிக்கைதான். இரண்டு செட் இருக்கிற வீட்டில் தினம் துவைப்பதைத் தவிர வழியில்லை. நாலு செட் இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சேர்த்துப் போடலாம், ஒரு நாள் தண்ணீர் வராவிட்டாலும் சமாளிக்கலாம். தமிழ்நாடு அரசு இதை உணர்ந்து நடந்திருக்கிறது. 1980களின் நடுவில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஒரு செட் இலவசச் சீருடை என்று தொடங்கியது, 2012-13 கல்வியாண்டில் நாலு செட்டானது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இது கிடைக்கிறது. துணி கூட்டுறவு நெசவாளர்களிடமிருந்து வருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைத்துத் தருகிறார்கள். ஒன்றை நாலாக்கியது எத்தனை வீடுகளில் எத்தனை ராத்திரித் துவைப்பை மிச்சப்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த அறிவிப்பின் அருமை புரியும்.

தனியார் பள்ளிப் பெற்றோருக்கு இந்த வசதி இல்லை. பள்ளி சொல்கிற கடையில், பள்ளி சொல்கிற விலைக்கு வாங்க வேண்டும். வார நாட்களுக்கு ஒன்று, விளையாட்டு வகுப்புக்கு ஒன்று, வாரத்தில் ஒரு நாள் வெள்ளை என்று மூன்று தினுசு. வளர்கிற பிள்ளைக்கு அடுத்த ஜூனில் எல்லாம் சின்னதாகிவிடும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோதான் எடுப்பார்கள். பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காகச் சொட்டு நீலம், அந்த வெள்ளை ஷூவுக்காகப் பாலிஷ், அதற்கு முந்தின ராத்திரி தூக்கம் கெடுவது. ஓடி விளையாட வேண்டிய ஆறு வயதுப் பிள்ளைக்கு வெள்ளை உடுத்தச் சொல்லும் விதியை எந்தப் பள்ளியும் ஒருமுறை மறுபடி யோசிக்கலாம்.

அந்தத் தூக்கம் யாருடையது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவது தெரியவந்தது. அந்த வேலையைச் செய்யும் ஆண்களின் சராசரி 97 நிமிடங்கள். பிள்ளையின் சட்டையைத் தினம் துவைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், அது அந்த 299இல் போய்த்தான் ஏறுகிறது. சட்டையை ஊறவைப்பது, காலரைக் கசக்குவது, பிழிந்து கொடியில் போடுவது இவற்றில் அப்பாவால் செய்ய முடியாதது எதுவும் இல்லை. எட்டு வயதானால் பிள்ளையே குளிக்கும்போது தன் சாக்ஸையும் ஜட்டியையும் சோப்புப் போட்டு அலசிவிடும். பையன், பெண் இருவருக்கும் ஒன்றுபோலப் பழக்க வேண்டும்.

தண்ணீரும் அளவோடுதான் இருக்கிறது. நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்த அளவில், துணி துவைக்க ஒதுக்கியிருப்பது 20 லிட்டர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு, குடத்தோடு சென்னை லாரிக்குக் காத்து நின்றபோது அந்த 20 லிட்டர் பலருக்குக் கனவாகத்தான் இருந்தது. ஒரே ஒரு சட்டைக்காக வாஷிங் மெஷினை ஓட்டுவது வீண். ஒரு சட்டையும் ஒரு ஜோடி சாக்ஸும் அரை பக்கெட் தண்ணீரில் கையாலேயே துவைக்கும் வேலை. சோப்புத்தூளைக் குறைத்துப் போட்டால் அலசும் தண்ணீரும் குறையும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் நுரை வராததால் இன்னும் ஒரு கை தூளை அள்ளிப் போடுகிறார்கள். அது சரியாக அலசாமல் துணியில் தங்கி, தோல் மெல்லிய பிள்ளைகளுக்கு அரிப்பைக் கொடுக்கிறது. துவைத்த சட்டை போட்டதும் பிள்ளை கழுத்தைச் சொறிந்தால், குறைய வேண்டியது துவைப்பா, தூளா என்று பார்க்க வேண்டும்.

தினம் துவைப்பதுகூடப் போதாத நாட்களும் உண்டு. வகுப்பில் சொறி சிரங்கு பரவினால், பிள்ளை போட்ட துணி, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் சிகிச்சை தொடங்கும் நாளில் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். அதற்குக் காரணமான நுண்பூச்சி மனித உடம்பை விட்டு வந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது என்பதால், துவைக்க முடியாததைப் பாலித்தீன் பையில் கட்டிச் சில நாள் ஒதுக்கி வைத்தாலும் போதும். பேன் விஷயத்தில் இந்தப் பாடு வேண்டாம். அது தலையில் வாழ்வது. சட்டையைத் துவைத்துத் துவைத்து அதை ஒழிக்க முடியாது.

அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இதுவரை சொன்ன கணக்கெல்லாம் மாறும். துவைப்பது எளிது, காயாது. உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் தொங்கிய சட்டையில் ஒரு புழுங்கல் வாடை வரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ். துவைத்தாலும் முழுதாகப் போகாமல் துணியில் தங்கி, ஈரம் நீடிக்க நீடிக்கப் பெருகுகிறது. மறுபடி துவைத்தாலும் மெதுவாகக் காய்ந்தால் மறுபடி அதே வாடைதான். அதனால் மழை நாட்களில் டவுசரும் பினோஃபோரும் அழுக்காகாதவரை தண்ணீர் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. சட்டையை நன்றாகப் பிழிந்து, உட்புறம் வெளியே வரத் திருப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் காயப்போட வேண்டும்.

அந்த வாரங்களில்தான் சில பள்ளிகளின் கெடுபிடி பிள்ளைகளைப் படுத்துகிறது. சாக்ஸ் நிறம் மாறியிருக்கிறது, சட்டை வெள்ளையாக இல்லை என்று ஆறு வயதுப் பிள்ளையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் தனியே நிறுத்துகிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. துவைத்தது காயாமல் போனது அந்தப் பிள்ளையின் குற்றமும் அல்ல, அந்த அம்மாவின் குற்றமும் அல்ல. நவம்பர் மாதம் முழுக்கச் சீருடை காயாத பிள்ளைகள் சுத்தமான கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பப் பள்ளிக்கு எந்தச் செலவும் இல்லை. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ்ஸை ஏற்கும் பள்ளிகள் அடைமழைக்கும் ஏற்கலாம்.