வண்டி இருக்கிறது, தள்ளியவர் எங்கே?

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து ‘புஷ்-புஷ்’ வண்டி ஒன்று இருக்கிறது. திருப்பும் பிடி, உட்கார்ந்திருப்பவர் கையில். தள்ளுவதற்குப் பின்னால் ஆட்கள். ஆளுநர் டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டிலும் அங்கே உண்டு. நகரத்தின் பழம்பொருள் கடைகளிலோ தேக்கு அலமாரியும் சாய்வு நாற்காலியும் நல்ல விலைக்குப் போகின்றன. ஆய்வுக்காக இவற்றையெல்லாம் பார்த்துத் திரியும் எனக்கு ஒரு கேள்வி தீரவே இல்லை: வண்டியைப் பத்திரப்படுத்திவிட்டோம், தள்ளியவர் எங்கே?

பழம்பொருள் சேகரிப்பை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாது. யாரிடம் மச்சு வீடும் பூட்டுப் போட்ட பெட்டியும் இருந்ததோ, அவர்களுடைய பொருள்தான் மிஞ்சியது. மிஞ்சியதே வரலாறு ஆனது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்தது, அவர் மாளிகையும் நிற்கிறது. அந்த நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று உண்டு. தேவாலயத்துக்குள் தங்களைப் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவரை எதிர்த்துப் பறையர் கிறித்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதி எதிர்ப்பு வரலாற்றில் எவ்வளவு பெரிய நாள் அது! ஆனால் ஆதிக்க சாதிப் பெருவணிகர் ஒருவரின் எழுத்து வழியாகத்தான் அதை அறிகிறோம். அந்தக் கூட்டத்தில் நின்றவர் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

அடுத்த நூற்றாண்டிலும் இதே கதைதான். 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். முதல் கப்பல் மர்த்தினிக் தீவை அடைந்தது 1853இல், குவாதலூப்பை 1854இல். ரெயூனியனுக்கும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்களின் வாரிசுகள் இன்று பூர்வீகம் தேடி இங்கே வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது அதிகாரி ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் மட்டுமே.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி வழக்கத்தோடு பிணைந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். என் பாட்டியின் தாத்தா அப்படித் துறந்தவர். அந்தக் காகிதம் பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரை பறந்தது. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து காகிதமெல்லாம் கூழானது. குப்பையோடு சேர்த்துக் கொட்டினோம். கொட்டியதில் என் கையும் உண்டு. அது என்ன காகிதம் என்பது ஆய்வுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எனவே, கூலிகளுக்கும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களுக்கும் சாதிச் சட்டத்தைத் துறந்தவர்களுக்கும் அருங்காட்சியகத்தில் தனிக்கூடம் வேண்டும் என்று அரசிடம் கேட்போம். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே. வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கடிதம், படைவீரர் ஓய்வூதியப் புத்தகம், ஞானஸ்நானச் சீட்டு, கூலிக் கணக்கு எதுவானாலும் கைப்பேசியில் படமெடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். விலை பேசி வருகிறவரிடம் அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.