கைவிட்டுப் போனாலும் மனம் விடாத புத்தகங்கள்



"உங்களுக்குப் பிடித்த புத்தகங்கள் எவை? நாங்கள் எதை வாசிக்கலாம்?" என்று கேட்டு எழுதுகின்றீர்கள். பத்துப் பெயர்களை எழுதி முடித்து விடுவது இலகு. ஆனால் ஒரு புத்தகம் எனக்கு உண்மையாகவே பிடித்ததா என்பதை நான் எப்படி அறிந்து கொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும்.

நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். வாப்பா கடையிலிருந்து வரும்போது சீனி சுற்றி வந்த கடதாசியைக் கூட விரித்து வாசிக்கின்ற பிள்ளையாக இருந்தேன். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பிறகு சிறுகச் சிறுக வீட்டிலேயே ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் சேர்த்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம். அலுமாரி அங்கேயே நின்றுவிட்டது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களில், அந்த அலுமாரியின் தட்டுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். அப்போது ஓர் உண்மை தெரிந்தது. பெரும்பாலான புத்தகங்களின் பெயரே ஞாபகத்தில் இல்லை. சிலவற்றை மட்டும் எப்படியாவது மீண்டும் வாங்கி விட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தச் சிலதான் எனது ரசனை.

முதலாவது, கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்தி லெப்பை எழுதிய "அசன்பே சரித்திரம்." தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், இது நம் நாட்டிலிருந்து வந்துவிட்டது. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. கதை எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கின்றது. எகிப்தின் ஒராபி பாஷா நாடு கடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த காலம் அது என்பதை நினைவில் வைத்து வாசியுங்கள். நடை பழையது, தற்செயலாக நடப்பவையும் அதிகம். ஆனாலும் பெற்றோரைப் பிரிந்து வளரும் அந்தப் பிள்ளை என்ன ஆவானோ என்ற தவிப்பு நம்மைப் பக்கம் புரட்ட வைக்கும்.

இரண்டாவது, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் எழுதிய, "உப்பப்பாவுக்கு ஓர் ஆனை இருந்தது" என்று பெருமை பேசும் குடும்பத்தின் கதை. அது தமிழிலும் வந்திருக்கின்றது. சொத்தெல்லாம் போன பிறகும் உம்மாவுக்கு அந்த ஆனைப் பெருமை போகவில்லை. மகள் குஞ்ஞுபாத்தும்மாவுக்கோ எழுத்து வாசனையே கிடையாது. பக்கத்து வீட்டுக்கு வந்த ஆயிஷா அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் இடங்களை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கடைசியில் அந்த ஆனை எந்த ஆனை என்று தெரிய வரும்போது சிரிப்பு வரும். உடனே நம் வீட்டுப் பழம்பெருமைகளும் ஞாபகத்துக்கு வரும்!

மூன்றாவது, மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய "கம்பெரலிய." இதைச் சிங்களத்திலிருந்து "கிராமப் பிறழ்வு" என்று தமிழாக்கியவர் பேராசிரியர் ம. மு. உவைஸ். தென்னிலங்கையில் ஒரு பெரிய வீடு மெல்ல மெல்ல நொடித்துப் போவதைச் சொல்லும் கதை. அந்த வீட்டு மகள் நந்தா, மனம் விரும்பியவனை விட்டு, பெற்றோர் காட்டியவனை மணக்கின்றாள். பெயர்களையும் ஊரையும் மாற்றினால் நம் தெருவில் நடந்தது போலவே இருக்கும். அயல் சமூகத்தின் உள்வீட்டை எனக்குத் திறந்து காட்டிய புத்தகம் இது. மனம் கசந்திருந்த அந்த ஆண்டுகளில் எனக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

நான்காவது, புத்தளத்துக்கு வந்த பிறகு கிடைத்தது. தோப்பில் முஹம்மது மீரானின் "ஒரு கடலோரக் கிராமத்தின் கதை" 1988இல் நூலாக வெளிவந்தது. ஊரையே கைக்குள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, அந்த ஊருக்கு வரும் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு எழும் எதிர்ப்பு. நம்மவர் குறைகளை நம்மவரே, நம்மவர் பேச்சிலேயே எழுதியிருக்கின்றார். சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு அவர் மீது மரியாதைதான் வந்தது.

இந்த நான்கையும் கொழும்பிலும் இந்தியாவுக்குப் போய் வந்தவர்கள் மூலமும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். எல்லாம் கைக்கு வர ஒன்பது வருடங்கள் பிடித்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் உம்மாவிடம் புத்தகமே இருக்கவில்லை. அரபுத் தமிழ் மட்டும் வாசிப்பார். "பெண்புத்தி மாலை" அவருக்கு மனப்பாடம். கொட்டிலில் விளக்கில்லாத இரவுகளில் பேரப்பிள்ளைகளுக்கு அதை ஓதிக் காட்டினார். எங்கள் குடும்பத்தில் எதையும் இழக்காமல் வந்து சேர்ந்த வாசகி அவர் ஒருவர்தான்.

எனவே சகோதரிகளே, எதை வாசிப்பது என்று கேட்டால் என் பதில் இதுதான்: பரிசு பெற்றதா, பெரியவர்கள் புகழ்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கிடைப்பதை வாசியுங்கள். வாசித்ததை அன்றிரவே பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து எது ஞாபகத்தில் நிற்கின்றது என்று பாருங்கள். நிற்பதை வாங்கி வையுங்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து நீங்கள் மீண்டும் தேடிப் போகக்கூடிய ஒரு புத்தகம் எது? ஏன்? ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.