ஊர்ச்சாலையில் வேகம் குறையட்டும்

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே உள்ள ஊர்ச்சாலை ஏதாவது ஒன்றில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். அரிசி ஆலைக்கும் தேங்காய் உலர்களத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கேரியரில் தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார்கள். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலிக்குள் கௌதாரி கத்தும். கீரி ஒன்று சாலையின் பாதிவரை வந்து, நின்று, யோசித்துவிட்டு ஓடும். சைக்கிள்காரர் மணியடிப்பதில்லை. காலை ஊன்றி நிற்பார், அது போனதும் மிதிப்பார். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். இப்போது நரி முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

அதே சாலையில் நூறடி தள்ளி, இரவில் வண்டி ஏறிய சாரைப்பாம்பு தாரோடு தாராக ஒட்டிக் கிடக்கும். அடுத்த வளைவில் ஒரு முயல். அதற்கப்பால் நசுங்கிய பக்கிக் குருவி. சைக்கிளில் போகிறவர் இவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போகிறார். எண்பதில் போகிற காருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை.

இதில் விதி என்று சொல்ல ஒன்றுமில்லை. பகல் வெயிலில் சூடேறிய தார் இரவிலும் கதகதப்பாக இருக்கும்; பாம்பு அதைத் தேடி வருகிறது. பக்கி தரையிலேயே உட்காரும் பறவை. ஹைபீம் வெளிச்சம் கண்ணில் அடித்தால் முயல் திகைத்து நின்றுவிடும். மயில் கனத்த உடம்போடு தாழ்வாகத்தான் எழும்பும், சரியாக வண்டியின் முகப்புக்கு நேராக. இவை எல்லாவற்றையும் வேகம் ஒன்றுதான் சாவாக மாற்றுகிறது.

புலி வாழும் காடென்றால் நாம் விழித்துக்கொள்கிறோம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் பென்ச் காட்டில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையே உயர்த்தி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் புலிகள் காப்பகங்களுக்கு வெளியே, நம் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே சாகிற உயிர்களை அநேகமாக யாரும் எண்ணுவதுகூட இல்லை. மயிலும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அந்தச் சட்டம் காட்டு எல்லையோடு முடிந்துவிடுவதில்லை.

மயிலுக்காகப் பேசினால், விளைச்சலை மயிலிடம் பறிகொடுத்த தக்காளி விவசாயி நம்மேல் கோபப்படுவார். அவர் கோபம் நியாயமானது. அவருடைய இழப்புக்கு அரசு ஈடு தர வேண்டும். ஆனால் அதற்கான தீர்வு லாரிச் சக்கரமல்ல. இன்னொன்றும் உண்டு: இருட்டில் குறுக்கே பாய்கிற பன்றியோ மயிலோ மோதினால் காரில் இருப்பவருக்குக் கண்ணாடிதான் உடையும், இருசக்கர வண்டியில் போகிறவருக்கு மண்டை உடையும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அரசு கொடுத்த சைக்கிளில் வீடு திரும்பும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் அந்த இருட்டில்தான் வருகிறார்கள். பாம்புக்கும் பிள்ளைக்கும் எமன் ஒரே வேகம்தான்.

சாலையை அகலப்படுத்துவதாகச் சொல்லி முதலில் கிளுவை வேலியைத்தான் ஜேசிபியால் பிடுங்குகிறார்கள். கொம்பை ஊன்றினால் தழைக்கிற உயிர்வேலி அது. கீரிக்கும் ஓணானுக்கும் கௌதாரிக்கும் அதுதான் வீடு. அது இருந்த இடத்தில் கம்பிவேலியோ ஹாலோபிளாக் சுவரோ வருகிறது. ஒளிய இடமில்லாத உயிர், திறந்த தார்ச்சாலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களையாவது விட்டுவைத்தோமா? அவற்றில் பாலித்தீன் பைகள் அடைத்துக் கிடக்கின்றன.

செலவு பிடிக்கிற எதையும் நாம் கேட்கவில்லை. ஊர்ச்சாலைகளில் மாலை ஆறு முதல் காலை ஆறுவரை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, சாலையின் தன்மையைப் பார்த்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சாலைப் பணிக்கு ஒப்பந்தம் போடும்போதே, எடுத்த வேலிக்குப் பதிலாகக் கிளுவை நட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். குழாய்ப் பாலங்களை மழைக்கு முன் தூர்வாரலாம்.

வரும் அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.