பெயரை அழித்தால் பாட்டு அழியுமா?

1977ஆம் ஆண்டு எலிசபெத் மகாராணியாரின் ஆட்சிக்கு வெள்ளிவிழா. பிரித்தானியா எங்கணும் தோரணங்கள். அவ்வேளையிலே ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்னும் றொக் இசைக்குழுவினர், தேசிய கீதத்தின் பெயரையே சூட்டி, முடியாட்சியைச் சாடும் இசைத்தட்டொன்றை வெளியிட்டனர். பீ.பீ.சீ. தடை விதித்தது, பெருங்கடைகள் சில விற்க மறுத்தன. ஆயினும் ஜூன் மாதத்தில் உத்தியோகபூர்வ விற்பனைப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தைப் பிடித்தது!

முதலிடமே அதற்குரியது, வேண்டுமென்றே மறைத்தார்கள் என்போர் இன்றும் உளர். நிரூபிக்கப்படாததைத் தீர்ப்பாக எழுத நாம் துணியோம். ஆனால், கடைகளில் மாட்டிய சில பட்டியல்களில் அப்பாட்டின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டதே, அதற்கு என்ன சமாதானம்? ஒலிபரப்ப மறுப்பது ஒரு நிறுவனத்தின் விருப்புரிமை எனலாம். மக்கள் வாங்கியதை வாங்கவில்லையெனக் காட்டுவதோ பொய்ச்சாட்சியம்.

நாதஸ்வரத்தில் ஊறிய எம் செவிக்கு அவ்விசை இரைச்சலே. அதனாலென்ன? இனிய பாட்டுக்கு எவரும் தடை கேட்பதில்லையே.

அவ்வாண்டு நவம்பரில், இதே குழுவின் இசைத்தொகுப்பை நொட்டிங்ஹாம் நகரிற் காட்சிக்கு வைத்த கடை முகாமையாளர்மீது, அதன் தலைப்பிலுள்ள ஒரு சொல்லுக்காக, 1889ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. எதிரிக்காக வாதாடியவர் ஜோன் மோட்டிமர். அச்சொல் ஒருகாலத்தில் மதகுருமாரைக் குறித்ததென்று ஆங்கிலப் பேராசிரியரொருவர் சாட்சி சொன்னார். நீதவான்கள் அத்தொகுப்பை வாயாரக் கண்டித்தனர். கண்டித்துவிட்டு, மனமின்றியே எதிரியை விடுதலை செய்தனர். அந்த மனமில்லாத் தீர்ப்பைத்தான் நாம் மதிக்கிறோம்.