கேமராவில் அமைதியாகத் தெரியும் கடல்

சிட்னியில் கோடை வந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு லிங்க் சுற்ற ஆரம்பிக்கும். பாண்டை கடற்கரையின் நேரலை கேமரா. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தெற்கு மூலையில அலையே இல்ல, பசங்கள கூட்டிட்டு வந்துடுங்க."

எனக்குப் பயம் இந்த மெசேஜைப் பார்த்துத்தான். அலை இல்லாத மாதிரி தெரியும் இடம் பல நேரம் 'ரிப்' எனப்படும் இழுவை நீரோட்டம். கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போக மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ஆழம் அதிகம். அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கருப்பாக இருக்கும். பார்ப்பவனுக்குக் குளம் மாதிரி. பாண்டையின் தெற்கு மூலையில் இருக்கும் ரிப்புக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயரே 'பேக்பேக்கர்ஸ் ரிப்'. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அதில் போய் விழுவது வெளியூர்க்காரன்தானே!

கேமராவைக் குறை சொல்லவில்லை. சர்ஃபிங் செய்பவர்கள் இதே காட்சியைப் பத்து நிமிஷம் பார்ப்பார்கள், ஏனென்றால் பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். நாம் அஞ்சு செகண்ட் பார்த்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறோம். சாஃப்ட்வேர்க்காரனாக இன்னொன்றும் சொல்கிறேன்: 'லைவ்' என்பது பெரும்பாலும் அரை நிமிஷம் பழசு. வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதால் வரும் தாமதம் அது. சில கேமராக்கள் வெறும் போட்டோவைத்தான் அவ்வப்போது மாற்றுகின்றன. உயரத்தில் மாட்டியிருப்பதால் ஆள் உயர அலைகூட சுருக்கம் மாதிரி தெரியும்.

கடல் மாறுவதற்கு அரை நிமிஷமே போதும். 1938 பிப்ரவரி 6 அன்று இதே பாண்டையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே இழுத்தன. ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் உயிர்காப்பாளர்கள் இருந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

கேமராவில் முதலில் தேட வேண்டியது சிவப்பு-மஞ்சள் கொடி. அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் குளிக்க வேண்டும். கடல் மாறினால் கொடியும் இடம் மாறும். நம்ம ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வெயில் தாழட்டும் என்று காத்திருந்து, சாப்பாடு கட்டிக்கொண்டு, காப்பாளர்கள் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் போய்ச் சேர்வோம். பாதிப் பேருக்கு நீச்சலும் தெரியாது. மெரினாவில் முட்டி வரை நனைத்த பழக்கம்தான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். ரிப் ஆளை வெளியே இழுத்துப் போகும், அடியில் அமுக்காது. மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

'பீச்சேஃப்' தளத்தில் எந்தக் கடற்கரையில் எப்போது காவல் உண்டு என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த முறை லிங்க் அனுப்புகிறவர், கொடி எங்கே இருக்கு, எத்தனை மணி வரை இருக்கும் என்பதையும் சேர்த்து டைப் பண்ணுங்க. ரெண்டு வரிதான்.